காரம் காவல் காக்காது: காஜுன் பாஸ்தா சாலட் செய்பவர்களுக்கு

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பது என் தொழில். சென்ற சனிக்கிழமை பூங்காவில் நடந்த ஒரு குடும்ப விருந்தில், முற்பகல் 11 மணிக்கு மேசைக்கு வந்த காஜுன் பாஸ்தா சாலட் (லூசியானாவின் காரமான காஜுன் சமையல் பாணியில், மிளகாய் மசாலா சேர்த்துச் செய்வது) பிற்பகல் 3 மணிக்கும் அங்கேயே இருந்தது. இறாலின் ஓரங்கள் காய்ந்து சுருண்டிருந்தன. தட்டின் அடியில் எண்ணெய் பிரிந்து நின்றது. அதைக் கொட்டிவிடச் சொன்னதற்கு, இந்தக் கோடை முழுவதும் கேட்டுச் சலித்த அதே பதில்தான் வந்தது: "இவ்வளவு காரத்தில் எந்தக் கிருமி பிழைக்கும்?"

பிழைக்கும். இதில் சேரும் கேயன் என்ற சிவப்பு மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் நம் நாக்கை எரிக்கிறதே தவிர, சாலட்டில் நாம் சேர்க்கும் அளவுக்கு அது கிருமிகளைக் கொல்வதில்லை. மிளகாய்த்தூள், மிளகு, உலர்ந்த தைம் என்ற மூலிகை இலை ஆகியவற்றிலேயே, உணவை நஞ்சாக்கும் பேசிலஸ் சீரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் (உறங்கு நிலையில் இருக்கும் அதன் வடிவம்) இருப்பதுண்டு. போதாக்குறைக்குக் காரம் இலேசான கெட்ட வாடையையும் மறைத்துவிடும். மயோனைஸைப் பழிப்பவர்களும் உண்டு. கடையில் விற்கும் மயோனைஸ் புளிப்பானது; அந்தப் புளிப்பில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. நான் அஞ்சுவது வெந்த பாஸ்தாவுக்கும் இறாலுக்கும்தான். பாஸ்தாவில் அந்தப் பாக்டீரியா உண்டாக்கும் வாந்தி நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

2003இல் பெல்ஜியத்தில், வெள்ளிக்கிழமை செய்து சனிக்கிழமை உல்லாசப் பயணத்துக்குக் கொண்டுபோன பாஸ்தா சாலட்டின் மிச்சத்தைத் திங்கள் இரவு ஒரே வீட்டின் ஐந்து பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். அந்த வீட்டுக் குளிர்பெட்டிக்குள் போதிய குளிர் இல்லாமல் 14 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தது.

ஆகவே, வடித்த பாஸ்தாவை ஆழமான பாத்திரத்தில் குவித்து வைக்காதீர்கள். குளிர்ந்த நீரில் அலசி, அகலத் தட்டில் பரப்பி, உடனே குளிர்பெட்டிக்குள் வையுங்கள். ஆண்டூயி சாசேஜையும் (புகையூட்டிய காரமான பன்றி இறைச்சி சாசேஜ்) இறாலையும் தனியே வதக்கி, நன்றாகக் குளிர்ந்த பிறகே வெங்காயம், செலரி, குடைமிளகாயோடு சேருங்கள். குளிர்ந்த உணவில் உப்பும் காரமும் மங்கித் தெரியும் என்பதால், மசாலாவில் பாதியைப் பரிமாறும் முன்பு கலப்பது எங்கள் சமையலறை வழக்கம். பெரிய தட்டு முழுவதையும் வெளியே வைக்காமல், சிறு கிண்ணங்களாக ஐஸ் மேல் வைத்து, தீரத்தீர மாற்றுங்கள். ஐஸ் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்.

அதற்கு மேல் வெளியே இருந்ததை, எவ்வளவு மிஞ்சியிருந்தாலும், தயவுசெய்து பிள்ளைகளுக்கென்று டப்பாவில் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.