அமெரிக்காவில் குடிக்க 21 வயது: சாலைக்காக வந்த சட்டமும் கல்லூரி விடுதியும்

அமெரிக்காவில் 18 வயதில் ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேரலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். ஒரு பாட்டில் பீர் வாங்க மட்டும் 21 ஆக வேண்டும். கல்லூரிக்குள் 18 வயதில் நுழைந்து 22 வயதில் வெளியே வருகிற பிள்ளைக்கு, படிப்பில் முக்கால்வாசிக் காலம் இந்தத் தடைக்குள்ளேயே போய்விடுகிறது. அங்கே நாற்பது ஆண்டுகளாக நடக்கிற வாக்குவாதம் இதைப் பற்றித்தான். டாஸ்மாக் கடையிலும் வயது வரம்பு 21தான் என்பதால் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு எண் புதிதில்லை. அதை அங்கே நிஜமாகவே அமல்படுத்துவார்கள் என்பதுதான் புதிது.

பலரும் நினைப்பதுபோல, "21 ஆகாதவர் குடிப்பது குற்றம்" என்று வாஷிங்டன் போட்ட சட்டம் எதுவும் கிடையாது. 1933இல் மதுவிலக்கை நீக்கிய 21ஆவது அரசியல் சாசனத் திருத்தம், மது விஷயத்தை மாநிலங்களின் கையில் விட்டுவிட்டது. அப்போது பெரும்பாலான மாநிலங்கள் 21 என்றுதான் வைத்தன. அப்புறம் வியட்நாம் போர் வந்தது. 18 வயதுப் பையனைக் கட்டாயமாகப் போருக்கு அனுப்புகிறீர்கள், ஓட்டு மட்டும் கிடையாதா என்ற கேள்வி எழுந்து, 1971இல் ஓட்டு வயது 18 ஆனது. அந்த வேகத்திலேயே ஏறத்தாழ 30 மாநிலங்கள் குடிக்கும் வயதையும் 18, 19, 20 என்று இறக்கின.

விபரீதம் எல்லைகளில் தெரிந்தது. ஒரு மாநிலத்தில் 21, ஆற்றைத் தாண்டினால் 18. வெள்ளிக்கிழமை இரவு பிள்ளைகள் காரில் ஏறி அந்தப் பக்கம் போய்க் குடித்துவிட்டு, அதே காரை ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள். அந்தச் சாலைகளுக்கு ரத்த எல்லைகள் என்றே பெயர் வந்தது. 1980இல் கலிஃபோர்னியாவில் குடிபோதையில் ஒருவர் ஓட்டிய கார் மோதி 13 வயது மகளைப் பறிகொடுத்த கேண்டஸ் லைட்னர் என்ற தாய், 'மேட்' (குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான தாய்மார்கள்) என்ற அமைப்பைத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில் அந்தத் தாய்மார்களின் குரல் வெள்ளை மாளிகை வரை போனது. மாநில உரிமையில் கை வைக்கக் கூடாது என்று முதலில் தயங்கிய அதிபர் ரீகன், 1984 ஜூலை 17 அன்று கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சட்டம் செய்த காரியம் இதுதான்: மது வாங்கவும் பொது இடத்தில் கையில் வைத்திருக்கவும் 21 வயது வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட வேண்டும். போடாவிட்டால் நெடுஞ்சாலைக்கு மத்திய அரசு தரும் பணத்தில் வெட்டு. முதல் ஆண்டு 5 விழுக்காடு, அடுத்து 10. 2012 முதல் அது 8. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, பணத்தை மட்டும் நிறுத்துகிறோம் என்பது சாமர்த்தியமான ஏற்பாடு. 19 வயதினருக்கு லேசான பீர் விற்றுக்கொண்டிருந்த தெற்கு டகோட்டா மாநிலம் வழக்குப் போட்டது. 1987இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மத்திய அரசின் பக்கம் நின்றது. 1988க்குள் 50 மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன. லூசியானா மட்டும் வேடிக்கை காட்டியது. அங்கே 21 ஆகாதவர் வாங்குவது குற்றம், அவருக்கு விற்பது குற்றமில்லை என்ற நிலை 1995 வரை நீடித்தது. புவேர்ட்டோ ரிக்கோ தீவில் இன்றும் 18தான்.

இன்னொரு முறை கவனியுங்கள்: மத்திய சட்டத்தில் இருப்பது வாங்குவதும் பொது இடத்தில் வைத்திருப்பதும். குடிப்பது அதில் இல்லை. அதனால்தான் மாநிலத்துக்கு மாநிலம் விதிவிலக்குகள் வண்டி வண்டியாக இருக்கின்றன. தேவாலயத்தில் தரும் திராட்சை ரசம் பல இடங்களில் விதிவிலக்கு. விஸ்கான்சினிலும் டெக்சஸிலும் அப்பா அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை குடிக்கலாம்; விஸ்கான்சினில் பாருக்குள்ளேயே உட்கார்ந்து குடிக்கலாம். எனக்குப் பிடித்த விதிவிலக்கு கலிஃபோர்னியாவுடையது. அங்கே ஒயின் தயாரிப்பைப் பட்டப்படிப்பாகப் படிக்கிற மாணவர்களுக்குத் தாங்கள் செய்கிற சரக்கின் ருசியே தெரியாமல் போனது. 2014இல் ஒரு சட்டம் வந்தது: 18 ஆன மாணவர், ஆசிரியர் முன்னிலையில், ஒயினை வாயில் ஊற்றிச் சுவைக்கலாம். விழுங்கக் கூடாது. துப்பிவிட வேண்டும்.

சரி, கல்லூரிகளுக்கு இதில் என்ன வழக்கு?

வெர்மான்ட் மாநிலத்தின் மிடில்பரி கல்லூரிக்கு 13 ஆண்டுகள் தலைவராக இருந்தவர் ஜான் மெக்கார்டெல். வரலாற்றுப் பேராசிரியர். பதவியில் இருந்து இறங்கிய பிறகு அவர் வெளிப்படையாகச் சொன்னது: இந்தச் சட்டம் குடியை நிறுத்தவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் துரத்திவிட்டது. 2008இல் அவர் தொடங்கிய 'அமெதிஸ்ட்' முயற்சியில் 130க்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். டியூக், டார்ட்மவுத், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஒஹாயோ ஸ்டேட் என்று பெரிய பெயர்கள். வயதை 18 ஆக்கு என்று அந்த அறிக்கை கேட்கவில்லை. 21 வேலை செய்யவில்லை, மறுபடி விவாதிக்கலாம் என்றுதான் கேட்டது. மெக்கார்டெலின் சொந்த யோசனை, ஓட்டுநர் உரிமம்போல ஒரு 'குடி உரிமம்'. 18 ஆனவர் வகுப்புக்குப் போய், தேர்ச்சி பெற்று, சட்டத்தை மீறாதவராக இருந்தால் வாங்கிக் குடிக்கலாம். மீறினால் உரிமம் போய்விடும்.

'மேட்' அமைப்பு கொதித்துவிட்டது. அந்தக் கல்லூரிகளுக்குப் பிள்ளையை அனுப்பும் முன் பெற்றோர் யோசிக்க வேண்டும் என்கிற அளவுக்குப் போனது. ஓரிரு தலைவர்கள் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதோடு அந்த முயற்சி மெல்ல அடங்கியது.

இரண்டு தரப்பும் வேறு வேறு இடத்தைப் பார்த்துப் பேசுகின்றன என்பதுதான் இதில் எனக்குத் தெரிகிற சிக்கல். ஒரு தரப்பு சாலையைப் பார்க்கிறது. அங்கே கணக்கு தெளிவு. வயதை உயர்த்திய மாநிலங்களில் விபத்துகள் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தன என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். 1975 முதல் 2017 வரை 31,000க்கு மேற்பட்ட உயிர்கள் தப்பின என்பது சாலைப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு. இதையும் கேள்வி கேட்டவர்கள் உண்டு. ஹார்வர்டின் ஜெஃப்ரி மைரன், 1984க்கு முன்பே தாமாக வயதை உயர்த்திய மாநிலங்களில்தான் பலன் தெரிந்தது, பணத்துக்குப் பயந்து உயர்த்தியவற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதினார். ஆனால் கார்பென்டர், டோப்கின் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 21ஆம் பிறந்தநாளை ஒட்டிய நாட்களைப் பிடித்துப் பார்த்தார்கள். அந்த நாளைத் தாண்டியதும் இறப்பு விகிதம் 9 விழுக்காடு சட்டென்று ஏறுவது தெரிந்தது. நியூசிலாந்து 1999இல் வயதை 20இலிருந்து 18க்கு இறக்கியதும் இளைஞர்களின் சாலை விபத்துக் காயங்கள் கூடின.

மறுதரப்பு பார்ப்பது விடுதி அறையை. கதவைச் சாத்தி, துண்டை மடித்துக் கீழே அடைத்து, பாருக்குப் போகும் முன்பே மளமளவென்று ஊற்றிக்கொள்கிற பழக்கம் அங்கே உண்டு. அதற்கு ப்ரீகேம் என்று பெயர். பாரில் கிடைக்காது, அதனால் கிடைக்கிற அரை மணி நேரத்தில் முடிந்தவரை. ஃப்ரட்டர்னிட்டி எனப்படும் மாணவர் சங்கங்களின் வீடுகளில் சிவப்பு பிளாஸ்டிக் கப்பில் என்ன, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 19 வயது மாணவர் ஒருவருக்கு ஃப்ரட்டர்னிட்டியின் சேர்க்கைச் சடங்கு என்ற பெயரில் 82 நிமிடத்தில் 18 முறை மது கொடுத்ததாக அரசுத் தரப்பு சொன்னது. அவர் படியில் விழுந்தது இரவில். ஆம்புலன்ஸை அழைத்தது மறுநாள் காலை, ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் கழித்து. அதற்கும் அடுத்த நாள் இறந்துபோனார். வாகன விபத்துகளையும் சேர்த்து, 18 முதல் 24 வயது வரையிலான கல்லூரி மாணவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1,500 பேர் மது தொடர்பான விபத்துகளில் சாகிறார்கள் என்பது அரசின் மது ஆய்வு நிறுவனத்தின் கணக்கு.

மெக்கார்டெல் விடுதி அறையைச் சரியாகத்தான் சொன்னார். மருந்துதான் எனக்கு ஒட்டவில்லை. வாங்க அனுமதி உள்ள 21 முதல் 25 வயதுக்காரர்கள்தான் அங்கே மொடாக்குடியில் முன்னால் நிற்கிறார்கள். வயது குறைவாக உள்ள ஐரோப்பிய நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளும் அமெரிக்கப் பிள்ளைகளைவிடக் குறைவாகக் குடிக்கவில்லை. ஆகவே 18 ஆக்கினால் நிதானம் வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் மெலிந்தது. மக்களும் நம்பவில்லை: 2014 கேலப் கருத்துக்கணிப்பில் 74 விழுக்காட்டினர் 18 ஆக்குவதை எதிர்த்தார்கள். 2019 டிசம்பரில் சிகரெட் விற்கும் வயதையும் நாடு முழுவதும் 21 ஆக்கினார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது. அதே 2019இல் தென்கிழக்குக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு, மைதானங்களில் பொது இருக்கைகளுக்கும் பீர் விற்கலாம் என்று அனுமதித்தது. மாணவருக்கு ஒரு நீதி, டிக்கெட் வசூலுக்கு ஒரு நீதி என்று பையன்கள் கேட்டால் பதில் சொல்வது சிரமம்தான்.

வயதை மாற்றாமலேயே உயிரைக் காப்பாற்றிய ஏற்பாடு வேறொன்று. 2002இல் கார்னெல் பல்கலைக்கழகம் ஒரு விதி கொண்டுவந்தது: நண்பன் மயங்கிக் கிடந்தால் உதவிக்கு அழையுங்கள், அழைத்தவர் மீதும் மயங்கியவர் மீதும் வயது மீறிக் குடித்ததற்காக ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. அதன் பிறகு பல கல்லூரிகளும் பல மாநிலங்களும் இதைச் சட்டமாகவே வைத்துக்கொண்டன. பொதுவான நிபந்தனைகள் மூன்று: அவசர உதவி எண் 911ஐ அழைக்க வேண்டும், உதவி வரும் வரை கூட இருக்க வேண்டும், கேட்டால் உண்மையான பெயரைச் சொல்ல வேண்டும். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் தூங்கட்டும் என்று விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு அழைக்க வேண்டும். வாந்தி மூச்சுக்குழலில் போய்த்தான் பலர் சாகிறார்கள்.

இனி, நம்மவர்களுக்கு.

எம்.எஸ். படிக்கப் போகிற தமிழ் மாணவர் பெரும்பாலும் 21ஐத் தாண்டியவர். தனக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று நினைப்பார். மாட்டிக்கொள்வது வேறு வழியில். அதே வீட்டில் இளநிலை படிக்கிற 19 வயதுத் தம்பி ஒருவன் இருப்பான். "அண்ணா, எனக்கும் ரெண்டு பீர் சேர்த்து வாங்கிட்டு வாங்க" என்பான். வாங்கிக் கொடுத்தால் குற்றம் அண்ணனுடையது. கலிஃபோர்னியாவில் இதற்கு 1,000 டாலர் அபராதமும் குறைந்தது 24 மணி நேரச் சமூகப் பணியும். வீட்டில் பார்ட்டி வைத்து வயது ஆகாதவர் குடிக்க இடம் கொடுத்தாலும் பல ஊர்களில் வீட்டுக்காரர் பொறுப்பு.

வயதுச் சான்றுக்குக் கடையில் பாஸ்போர்ட் கேட்பார்கள். ஆதார் அட்டையை நீட்டினால் நடக்காது. நம் பாஸ்போர்ட்டில் தேதி, மாதம், ஆண்டு என்ற வரிசை. அவர்களுக்கு மாதம் முதலில். கல்லாவில் இருப்பவர் குழம்பினால் பொறுமையாகச் சொல்லுங்கள். பல மாநிலங்களில் 21 ஆகாதவரின் ஓட்டுநர் உரிமம் நெட்டுவாக்கில் அச்சிடப்பட்டிருக்கும், பார்த்தவுடன் தெரிவதற்காக. போலி அடையாள அட்டை பக்கம் போகவே வேண்டாம். பீரைவிட அது பெரிய குற்றம்.

வண்டி ஓட்டுவதில் 21க்குக் கீழ் தனிக் கணக்கு. பெரியவர்களுக்கு ரத்தத்தில் ஆல்கஹால் அளவுக்கு 0.08 விழுக்காடு வரம்பு, யூட்டாவில் 0.05. 21 ஆகாதவருக்கு எல்லா மாநிலங்களிலும் 0.02 அல்லது அதற்கும் கீழே. ஒரு பீரிலேயே தாண்டிவிடலாம்.

பெற்றோருக்கு ஒரு செய்தி: மாணவர் விவரங்களைக் கல்லூரி யாருக்கும் தரக் கூடாது என்பது பொது விதி. ஆனால் 1998இல் கொண்டுவந்த மாற்றத்தின்படி, 21 ஆகாத மாணவர் மது விதியை மீறினால் கல்லூரி பெற்றோருக்குத் தெரிவிக்கலாம். தெரிவித்தே ஆக வேண்டும் என்றில்லை.

விசா விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வருவதற்கு முன்பே, விசாவை ரத்து செய்யும் அதிகாரம் 2015 முதல் தூதரகங்களுக்கு உண்டு. உள்ளே இருக்கும்வரை படிப்பு அதனாலேயே நின்றுவிடாது என்பது பழைய நடைமுறை; இப்போது அதை நம்பி இருக்க முடியாது. ஊருக்கு வந்தாலோ திரும்பிப் போகப் புது விசா வேண்டும். அதற்குமுன் தூதரகம் குறிப்பிடும் மருத்துவரிடம் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். கைதானால் முதலில் பேச வேண்டியது குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று சீனியர்கள் சொல்வதை அப்படியே கேட்காதீர்கள். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தில் எப்போதாவது கைதானீர்களா என்ற கேள்வி இருக்கிறது. வழக்கு தள்ளுபடியாகி இருந்தாலும் அதற்கு ஆம் என்றுதான் எழுத வேண்டும். வழக்கு எப்படி முடிந்தது என்று நீதிமன்றம் முத்திரை வைத்துத் தரும் நகலை வாங்கி, பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.