"எப்போ நிறுத்தலாம் டாக்டர்?"

அணு மருத்துவப் பிரிவில் எனக்குப் பாதி வேலை தைராய்டுதான். புற்றுநோய்க்காகத் தைராய்டை அகற்றியபின், மிச்சமிருக்கும் செல்களை அழிக்கச் சிலருக்கு அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடினைக் கொடுப்போம். கையைக் கீழே இழுக்கும் கனத்தில் ஓர் ஈயக் குடுவை, அதற்குள் ஒரு குப்பி, அதற்குள் ஒரே ஒரு கேப்சூல். 1986 ஏப்ரல் 26-ல் உக்ரைனில் செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தபோது காற்றில் கலந்து, புல்லில் படிந்து, அதை மேய்ந்த மாட்டின் பாலோடு குழந்தைகளின் வயிற்றுக்குள் போனதும் இதே அயோடின்-131தான்.

அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், எட்டே நாள். அந்தச் சில வாரங்கள் பாலை நிறுத்தியிருந்தால், கதிர்வீச்சில்லாத அயோடினை முன்கூட்டியே கொடுத்து, கதிரியக்க அயோடினுக்கு இடமில்லாதபடி தைராய்டை நிரப்பியிருந்தால், எவ்வளவோ தடுத்திருக்கலாம். போலந்து ஏப்ரல் 29-லேயே தொடங்கி ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்தது. பெலாரஸ், உக்ரைன் கிராமங்களில் பல குழந்தைகள் விஷயம் தெரியாமல் அதே பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சிறுவர்களாக இருந்தவர்களில் 2005-க்குள் 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையில் பிழைத்துவிட்டார்கள் என்பது பெரிய ஆறுதல்.

சரி, பிழைத்தபின்? போன மாதம் பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தியின் அம்மா, "இந்த மாத்திரையை எப்போ நிறுத்தலாம் டாக்டர்?" என்று கேட்டார். தைராய்டு முழுதாக இல்லாதவர்கள், அது சுரக்க வேண்டிய ஹார்மோனுக்குப் பதிலாகப் போடும் தைராக்ஸின் மாத்திரையை நிறுத்தவே முடியாது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும், ரத்தப் பரிசோதனை செய்து அளவைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் ஆயுளுக்கும்.

அதனால்தான் கியூபா செய்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். ஹவானா பக்கத்தில் தராரா கடற்கரையில் 1990 முதல் 2011 வரை செர்னோபிலால் பாதிக்கப்பட்ட 20,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை கொடுத்தார்கள். சோவியத் உதவி நின்று, சொந்த ஜனங்களே சாப்பாட்டுக்குத் தவித்த வருஷங்களிலும் அதை நிறுத்தவில்லை. அயர்லாந்திலும் சாதாரணக் குடும்பங்கள் பெலாரஸ் பிள்ளைகளைச் சில வாரங்கள் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டன.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பணம் கொடுக்க நினைக்கிறவர்கள் விளம்பரப் படத்தைப் பார்த்து உருகி ஒருமுறை அனுப்பிவிட்டு நின்றுவிடாதீர்கள். அடுத்த வருஷமும் மாத்திரை வாங்கித் தருவார்களா, பரிசோதனைக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று கேளுங்கள், முடிந்தால் சின்னத் தொகையாக இருந்தாலும் மாதாமாதம் கொடுங்கள். அன்று நாலு வயசில் அந்தப் பாலைக் குடித்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். தைராய்டை இழந்தவர்கள் இன்று காலையும் மாத்திரை போட்டிருப்பார்கள்.