விதண்டாவாதம்: பொருளும் பிறப்பும் தமிழும்

"அவர் சும்மா விதண்டாவாதம் பண்ணுறார்" என்றால் திருகோணமலையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம், கோயில் பரிபாலன சபைக் கூட்டம், மீனவர் சங்கக் கூட்டம் என்று எங்கும் இந்தச் சொல் காதில் விழும். சொன்னதையெல்லாம் மறுத்துக்கொண்டு கூட்டத்தை நகரவிடாமல் செய்பவர் என்பதே இன்று அதற்குள்ள பொருள். பழைய பொருள் இதைவிட இறுக்கமானது. அதைத் தெரிந்துகொண்டால், கலந்துரையாடலைக் குழப்புகிறவரோடு எப்படிப் பழகுவது என்பதற்கும் ஒரு வழி கிடைக்கும்.

உளவியல் படிப்பிக்கும் ஆசிரியர்களின் கலந்துரையாடல் வட்டங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆசிரிய பயிலுநர்களுக்குக் கல்வி உளவியல் எடுப்பவர்கள், பாடசாலைகளில் சீர்மிய (உள ஆலோசனை) பொறுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் கூடும் இடங்கள் அவை. மற்றவர் மனத்தைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் சொற்கள் நிறைய உண்டு. ஒருவர் இரண்டு தரம் எதிர்த்துக் கதைத்தால், "அவருக்குத் தாழ்வுச் சிக்கல்" என்றோ "கவனத்தை இழுக்கப் பார்க்கிறார்" என்றோ பின்வரிசையில் முணுமுணுப்பு தொடங்கிவிடும். அவர் என்ன சொன்னார் என்பதை அதற்குப் பிறகு ஒருவரும் கேட்பதில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். விதண்டா என்பது வடசொல். தமிழில் அது விதண்டை ஆகும். அடித்தல், தட்டி வீழ்த்துதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது என்பது மரபான விளக்கம். எதிராளியின் பக்கம் எதனால் அடிபடுகிறதோ அது விதண்டை. வாதம் என்ற சொல்லையும் சேர்த்து நாம் விதண்டாவாதம் ஆக்கிக்கொண்டோம். பழைய இந்தியத் தருக்க மரபைச் சேர்ந்த நியாய நூலார் பார்வையில் இந்தச் சேர்க்கை கொஞ்சம் விசித்திரமானது. அவர்களுக்கு வாதம் வேறு, விதண்டை வேறு.

கௌதமரின் நியாய சூத்திரம் பேச்சை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைக் கண்டறிய இரு பக்கத்தாரும் சான்றும் தருக்கமும் வைத்துப் பேசுவது வாதம். எப்படியாவது வெல்ல வேண்டும் என்று, சொற்புரட்டையும் கையில் எடுத்துக்கொண்டு பேசுவது ஜல்பம். அந்த ஜல்பத்திலும் தனக்கென்று ஒரு பக்கத்தை நிறுவாமல் பேசினால் அது விதண்டை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோபமாகப் பேசுவது, நீளமாகப் பேசுவது, திரும்பத் திரும்பப் பேசுவது எதுவும் விதண்டையின் இலக்கணம் இல்லை. சொந்த நிலைப்பாட்டை முன்வைக்காமை ஒன்றே இலக்கணம். மெல்லிய குரலில், மரியாதையாக, ஒரு மணிநேரம் விதண்டை பேச முடியும். மேசையைத் தட்டிக்கொண்டு வாதம் செய்யவும் முடியும்.

வைத்திய நூலான சரக சங்கிதையிலும் இதே பேச்சு வருகிறது. ஒரு வைத்தியர் இன்னொரு வைத்தியரோடு கலந்துரையாட வேண்டும், அதனால் அறிவு வளரும், ஐயம் தீரும் என்று அந்நூல் சொல்கிறது. ஒரே தொழிலார் கூடிப் பேசுவதில் இணங்கிப் பேசுவது, பிணங்கிப் பேசுவது என்று இரண்டு வகை காட்டுகிறது. எதிராளியின் பக்கத்தில் குற்றம் சொல்வது மட்டுமே விதண்டை என்றும் வரையறுக்கிறது. நம்மூர்ப் பேச்சில் இதை "நொட்டை சொல்லுறது" என்போம். என் காதுக்கு இவ்வளவு நெருக்கமாக வேறு எந்தச் சொல்லும் ஒலிக்கவில்லை.

இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தைப் பார்ப்போம். உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு வகுப்பறை, சனிக்கிழமை காலை. ஓர் ஆசிரியை, பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் நீர்ச் சோதனையைச் செய்துகாட்டினார். ஒரே அளவு தண்ணீரை அகன்ற கோப்பையிலிருந்து ஒடுங்கிய உயரமான கிளாசுக்கு ஊற்றினால், சிறு பிள்ளை "இதில்தான் கூட" என்று சொல்லும். முன்வரிசையிலிருந்த ஒரு சேர் எழும்பி, "பியாஜே தன்ர சொந்தப் பிள்ளைகளைத்தானே பார்த்தவர், அதை எப்படி எல்லாப் பிள்ளைக்கும் சொல்லுறது?" என்றார். கைக்குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பியாஜே எழுதியவை பெரும்பாலும் தம் மூன்று பிள்ளைகளைப் பார்த்து எழுதியவைதான். ஆனால் இந்தத் தண்ணீர்ச் சோதனை வேறு பிள்ளைகளிடமும் செய்யப்பட்டது. ஆசிரியை அதைச் சொல்லிவிட்டு ரஷ்ய உளவியலாளர் வைகொட்ஸ்கிக்குப் போனார். "அது ரஷ்யாவுக்குச் சரி" என்றார் சேர். மூதூரிலிருந்து வந்த ஒருவர் தம் வகுப்பில் நடந்ததைச் சொன்னதும், "அது அனுபவம், ஆராய்ச்சி இல்லையே" என்றார். அறையில் பெருமூச்சு கேட்டது.

தலைமை தாங்கிய மிஸ் கிண்ணியாக்காரர். அவர் சேரை உட்காரச் சொல்லவில்லை, நேரம் போகிறது என்றும் சொல்லவில்லை. "சேர், அப்ப பிள்ளைகளுக்கு நாங்க எதைத்தான் செய்து பார்க்கிறது? நீங்க ஒரு வழி சொல்லுங்க, எழுதிக்கொள்ளுறன்" என்று பலகைப் பக்கம் போய் வெண்கட்டியை எடுத்தார். சேர் கொஞ்சம் தடுமாறினார். அப்புறம் சொன்னார்: "கிளாசில ஊத்தாம, பிள்ளை வீட்டில நிதம் காணுற குடத்திலயும் வாளியிலயும் ஊத்திப் பாருங்க. விடை மாறும்."

இது நொட்டை இல்லை. நல்ல உளவியல். 1969இல் மெக்சிக்கோவில் நடந்த ஓர் ஆய்வில், மட்பாண்டம் செய்யும் குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகள் உருவம் மாறினாலும் களிமண்ணின் அளவு மாறாது என்பதைக் காணும் சோதனையில் மற்றப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். கையில் பழகிய பொருள் விடையை மாற்றும் என்பது பியாஜேக்குப் பின் வந்தவர்கள் பல விதமாகக் காட்டிய விடயம். அந்தக் கருத்து சேரிடம் முன்பே இருந்தது. அதைச் சொல்ல இடம் கிடைக்காதபடியால் மறுப்பாக மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தது. மிஸ் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் பக்கம் எது? நியாய நூல் விதண்டைக்குச் சொல்லும் இலக்கணமே அதைக் கையாளும் வழியையும் தந்துவிடுகிறது. இல்லாததைக் கேட்க வேண்டும். கேட்டால் விதண்டை வாதமாக மாறலாம். மாறாவிட்டால், அது விதண்டை என்பது சபைக்கே தெரிந்துவிடும். தலைவர் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

அதே நூலில் இன்னொரு கருவியும் உண்டு. வாதத்தில் ஒருவர் தோற்றுப்போகும் இடங்கள் என்று 22ஐ அது எண்ணுகிறது. தமிழில் தோல்வித்தானம் என்பார்கள். பேசுபொருளை விட்டு வேறொன்றுக்குத் தாவுவது அவற்றில் ஒன்று. சொன்னதையே சொல்வது இன்னொன்று. "எனக்கு வேறு வேலை இருக்கிறது" என்று நடுவில் எழும்பிப் போவதும் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்தது, எதிராளி மூன்று தரம் சொல்லி, சபையும் அதை விளங்கிக்கொண்ட பிறகும் அதைத் திருப்பிச் சொல்ல மாட்டாமல் நிற்பது. சீர்மியப் பயிற்சியில் நாம் முதல் நாளே படிப்பிப்பது இதைத்தான்: மறுமொழி சொல்லுமுன், மற்றவர் சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். கூட்டத்தில் இதை எல்லோருக்கும் பொது விதியாக வைக்க வேண்டும். குழப்புகிறவருக்கு மட்டும் வைத்தால் அது தண்டனையாகிவிடும்.

இனி, மறுப்பவரின் பக்கமும் பேச வேண்டும். நியாய நூலார் விதண்டையை முற்றாகத் தள்ளவில்லை. முளைவிடும் விதையைக் காக்க முள்ளுக் கிளைகளால் வேலி போடுவது போல, உண்மையைக் காக்க ஜல்பமும் விதண்டையும் உதவும் என்று அதே நூலின் நான்காம் பகுதி சொல்கிறது. "எனக்கென்று ஒரு கொள்கை இல்லை" என்று பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ச்சுனர் எழுதியதும் நினைவுக்கு வருகிறது. அவரை விதண்டாவாதி என்று எதிர்த்தரப்பு சாடியது. தத்துவ வரலாறு அவரை ஒதுக்கிவிடவில்லை.

உளவியலும் மறுப்பவருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 1950களில் சொலமன் ஆஷ் செய்த கோடு ஒப்பிடும் சோதனைகளில், எல்லோரும் வேண்டுமென்றே தவறான விடை சொன்னபோது தனியாள் பலமுறை அதற்கு ஒத்துப்போனார். குழுவில் வேறு விடை சொல்ல ஒருவராவது இருந்தபோது அப்படி ஒத்துப்போவது பெரிதும் குறைந்தது. 1969இல் மொஸ்கோவிசி செய்த சோதனையில், நீல நிறப் படங்களைப் பச்சை என்று இரண்டு பேர் உறுதியாகச் சொல்லி நின்றார்கள். மற்றவர்களின் விடைகளில் 8 வீதத்துக்குக் கொஞ்சம் மேல் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒருமுறை பச்சை, ஒருமுறை நீலம் என்று மாற்றிச் சொன்னபோது அந்தச் செல்வாக்கு ஏறக்குறைய இல்லாமலே போனது. சிறுபான்மைக் கருத்துக்குப் பலம் கொடுப்பது நிலைப்பாட்டின் உறுதி என்று மொஸ்கோவிசி விளக்கினார். ஆகவே "உங்கள் பக்கம் எது?" என்று கேட்பது மறுப்பவரை அடக்குவதற்கு அல்ல. அவர் பேச்சுக்கு எடை சேர்ப்பதற்கு.

வசையை இதோடு சேர்க்கக்கூடாது. ஒருவரின் ஊரையோ சமயத்தையோ உச்சரிப்பையோ இழுத்துப் பேசுவது விதண்டை இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே தமிழில் உட்கார்ந்து பேசும் இந்த மாவட்டத்தில் அதற்கு ஒரு நிமிடமும் இடம் கொடுக்கக்கூடாது. அங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே நிறுத்த வேண்டும். குதர்க்கமும் வேறு, அதில் சொந்தப் பக்கம் இருக்கும், தருக்கம்தான் கோணலாக இருக்கும். தனகுவது இன்னும் வேறு. அது ஆளைச் சீண்டிப் பார்ப்பது. இவை எல்லாவற்றையும் விதண்டாவாதம் என்ற ஒரே பைக்குள் போட்டதால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கப் பார்க்கிறோம்.

தமிழில் என்ன சொல்லலாம்? திருகோணமலைக்குச் சொல்லாக்கம் அந்நியமில்லை. 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள், அதற்கு முன் திருகோணமலை இந்துக் கல்லூரியை வழிநடத்தியவர். நல்ல ஈடு தேட வேண்டுமென்றால் முதலில் பழைய நூல்களைப் புரட்ட வேண்டும். நன்னூல், பாடம் சொல்லிக்கொடுக்கத் தகாத மாணவர் பட்டியலில் "பிணக்கன்" என்ற ஒருவனை வைக்கிறது. மாறுபட்டு நிற்பவன் என்று பொருள். அழகான சொல்தான், ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. அது ஆளுக்கு வைக்கும் பெயர். வகுப்பறையில் ஒரு பிள்ளைக்குக் "குழப்படிக்காரன்" என்று பெயர் வைத்தால் என்ன நடக்கும் என்பதை உளவியல் ஆசிரியருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அதே நன்னூல் நூலாசிரியர்களின் எழுவகை மதங்களை, அதாவது கொள்கைகளை, சொல்லும்போது, "உடன்படல், மறுத்தல்" என்று தொடங்கி, "பிறர்நூற் குற்றம் காட்டல்" என்பதையும் ஒரு மதமாக ஏற்கிறது. தான் ஒன்றை நாட்டி அதை நிறுவுவதும் அவற்றில் ஒன்று. நாட்டல், மறுத்தல் என்ற இந்த இரண்டு சொற்களும் நமக்குப் போதும். நாட்டாமல் மறுப்பது விதண்டை. "நாட்டா மறுப்பு" என்பது பொருளுக்கு மிகப் பொருத்தம், ஆனால் காதில் நாட்டாமை வந்து நிற்கும். "வீண்வாதம்" பலர் சொல்வது; அது பயனைப் பற்றிய தீர்ப்பு, பேச்சின் அமைப்பைச் சொல்லவில்லை. "வெற்றுமறுப்பு" என்பதையே நான் எடுப்பேன். மறுப்பு இருக்கிறது, அதற்குப் பின்னால் நிலைப்பாடு இல்லை. "வெற்றுமறுப்பாளர்" என்று மட்டும் அதை நீட்டவேண்டாம்.

இவ்வளவும் செய்தும் முடியாவிட்டால் என்ன செய்வது? மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைபவன் சொல்வது இது: "ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின், பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்." வாதிகள் முறையறிந்து மேடை ஏறுங்கள், பகைவரோடு என்றாலும் கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்பது பொருள். வட்டத்தின் தலைவர் செய்யக்கூடியதும் இதுதான். தேநீர் இடைவேளையில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைக்கலாம். அடுத்த கூட்டத்தில் 20 நிமிடம் கொடுத்து அவரையே ஒரு தலைப்பில் பேசச் சொல்லலாம். அவர் நாட்டட்டும், மற்றவர்கள் மறுக்கட்டும். அதற்கும் இணங்காவிட்டால் அந்தப் பேசுபொருளை அன்றைக்கு மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஆளை வட்டத்திலிருந்து எடுப்பது வசைக்கு மட்டும் வைக்கவேண்டிய முடிவு.

கூட்ட அறிக்கை எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். "இன்னார் விதண்டாவாதம் செய்தபடியால் கூட்டம் குழம்பியது" என்று எழுதினால் அந்த வரி ஆண்டுக்கணக்கில் கோப்பில் கிடக்கும். "பியாஜே, வைகொட்ஸ்கி, வகுப்பறை அனுபவம் பற்றி மூன்று மறுப்புகள் எழுந்தன. மாற்று வழி கேட்கப்பட்டது. வீட்டுப் பாத்திரங்களை வைத்துச் செய்துபார்க்கும் யோசனை முன்வைக்கப்பட்டது" என்று எழுதலாம். யோசனை ஒன்றும் வராவிட்டால், "மாற்று வழி கேட்கப்பட்டது; முன்வைக்கப்படவில்லை" என்பது போதும்.