ஒரே குகையில ரெண்டு எரேமியா: யூத வேதம் உருவான கதை

சாக்கடலுக்கு வடமேற்குக் கரையில கும்ரான்னு ஒரு இடம். அங்க 1952ல பெதுவின் ஆளுங்க ஒரு குகையைக் கண்டுபிடிச்சாங்க, ஆராய்ச்சியாளருங்க அதுக்கு 4ஆம் குகைன்னு பேர் வச்சாங்க. முழுசா ஒரு சுருள் கூட இல்ல, எல்லாம் துண்டு துண்டா உதிர்ந்துபோன தோல், சிலது விரல் நகம் சைஸ்தான். அதையெல்லாம் வருஷக்கணக்கா பொறுமையா சேர்த்துப் பாத்தப்ப 500க்கும் மேல கையெழுத்துப் பிரதிகளோட மிச்சம்னு தெரிஞ்சுது. சாக்கடல் சுருள்கள்னு சொல்றது இதையும் பக்கத்துக் குகைகள்ல கிடைச்சதையும் சேர்த்துத்தான். அதுல எரேமியா புத்தகமும் இருந்துச்சு, ஆனா ரெண்டு விதமா இருந்துச்சு. சில துண்டுகள் இன்னைக்கு நாம பைபிள்ல படிக்கிற எரேமியாவோட அப்படியே ஒத்துப்போகுது, வேற சிலதுல வரிகள் குறைவு, வசனங்களோட வரிசையும் வேற.

இந்த சின்ன எரேமியா அறிஞர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். எகிப்துல அலெக்சாண்டிரியா நகரத்துல இருந்த யூதர்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டுல இருந்து தங்களோட வேதத்தை கிரேக்கத்துல மொழிபெயர்க்க ஆரம்பிச்சாங்க, செப்துவஜிந்துன்னு சொல்வாங்க. அதுல இருக்கிற எரேமியா எபிரேயத்துல இருக்கிறதை விட சுமார் எட்டுல ஒரு பங்கு சின்னது, மத்த தேசங்களுக்கு எதிரான தீர்க்கதரிசனங்கள் எபிரேயத்துல கடைசியில வரும், கிரேக்கத்துல நடுவுல வரும். மொழிபெயர்த்தவரே வெட்டிச் சுருக்கிட்டார்னு ரொம்ப காலமா நிறைய பேர் நினைச்சாங்க. 4ஆம் குகையில அதே சின்ன வடிவம் எபிரேயத்துலயே கிடைச்சதும் அந்தப் பேச்சு அடங்கிடுச்சு, அவர் கைல இருந்த மூலமே சின்னது, அதை அவர் ஒழுங்காத்தான் மொழிபெயர்த்திருக்கார்.

எரேமியா மட்டும் இல்ல. கோலியாத் எவ்வளவு உயரம்னு 1 சாமுவேல் 17:4ஐத் திறந்து பாருங்க, ஆறு முழமும் ஒரு ஜாணும்னு இருக்கும், கிட்டத்தட்ட 3 மீட்டர். அதே 4ஆம் குகையில கிடைச்ச சாமுவேல் சுருள்ல நாலு முழமும் ஒரு ஜாணும்தான், அதாவது சுமார் 2 மீட்டர், நல்ல உயரமான மனுஷன், அவ்வளவுதான். பழைய கிரேக்கப் பிரதிகள்லயும் நாலு முழம்தான். கை மாறிக் கை மாறி எழுதும்போது கதை எங்க வளர்ந்துச்சுன்னு இங்க கண்ணாலயே பாக்க முடியுது.

இந்தத் துண்டுகளை எப்படிப் படிக்கிறாங்கன்னு சொல்லியே ஆகணும். தோல் காலப்போக்குல கருத்துப்போச்சு, மையும் கருப்பு, வெறும் கண்ணுக்கு நிறைய துண்டு ஒரு கருப்பு சிப்ஸ் மாதிரிதான் தெரியும். ஆனா பெரும்பாலான சுருள்கள்ல இருக்கிற மை கரியில இருந்து செஞ்சது, கரி அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிடும், தோல் அதைத் திருப்பி அனுப்பும். அதனால அகச்சிவப்புல போட்டோ எடுத்தா தோல் வெளுப்பாவும் எழுத்து கருப்பாவும் தனித்தனியா வந்துடும். 1950கள்லயே நஜீப் அல்பினாங்கிற போட்டோகிராபர் எருசலேம் மியூசியத்துல இந்த மாதிரி எடுத்த படங்கள் இன்னைக்கும் உதவுது, ஏன்னா அதுக்கப்புறம் சில துண்டுகள் இன்னும் மோசமாயிடுச்சு. வயசைக் கணக்குப் போட கார்பன் டேட்டிங். அந்த வழியிலயும் எழுத்து வடிவத்தை வச்சும்தான் 1ஆம் குகையில முழுசா கிடைச்ச, 7.34 மீட்டர் நீளமுள்ள பெரிய ஏசாயா சுருள் கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டினதுன்னு சொல்றாங்க.

2020ல வந்த ஒரு ஆராய்ச்சிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்து ஆளுங்க சுருள்கள்ல இருந்து உதிர்ந்த தூள்ல டிஎன்ஏ எடுத்து எந்த மிருகத்தோட தோல்னு பாத்தாங்க. பெரும்பாலும் செம்மறி ஆடு. எரேமியா துண்டுகள்ல மட்டும் சிலது செம்மறி ஆடு, சிலது மாடு, ஒரே பிரதியோட துண்டுன்னு நினைச்சு வச்சிருந்தது வேற வேற பிரதின்னு இதுலயே தெரிஞ்சுடுச்சு. அதை விட முக்கியமான விஷயம், யூதேயா பாலைவனத்துல மாடு வளர்க்க முடியாது, புல்லும் தண்ணியும் வேணும். அப்படின்னா மாட்டுத்தோல் எரேமியா வெளியில எங்கயோ எழுதி கும்ரானுக்கு வந்து சேர்ந்தது. வெவ்வேறு வடிவங்கள் கும்ரான்ல ஒதுங்கி வாழ்ந்த ஒரு குழுவோட தனி விஷயம் இல்ல, அந்தக் காலத்து யூத சமூகத்துலயே பரவலா புழங்கியிருக்குன்னு ஆகுது. ரெண்டையுமே வேதமா பத்திரமா வச்சிருந்திருக்காங்க, ஒண்ணைத் தப்புன்னு தூக்கிப் போடல.

நம்ம காலத்துல வேதம்னா ஒரு எழுத்து கூட மாறக்கூடாதுங்கிற எண்ணம் ஆழமா இருக்கு, அதனால இது கேக்கவே ஆச்சரியமா இருக்கும், ஆனா இந்த நூல்கள் உருவான விதத்தைப் பாத்தா இதுதான் இயல்பு. நோவா கதையையே எடுத்துக்கோங்க. ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்துல ஒவ்வொரு உயிர்லயும் ஒரு ஜோடி ஏத்தச் சொல்லுது, 7ஆம் அதிகாரத்து ஆரம்பத்துல சுத்தமான மிருகங்கள்ல ஏழு ஏழுன்னு வருது, வெள்ளம் ஒரு இடத்துல 40 நாள், இன்னொரு இடத்துல 150 நாள். ரெண்டு பழைய கதைகளை ஒருத்தர் பக்கத்துல பக்கத்துல வச்சு நெய்திருக்கார், எதையும் விட மனசு வரல. 1753லயே ஜீன் அஸ்ட்ருக்ங்கிற பிரெஞ்சு டாக்டர் இதைக் கவனிச்சு எழுதினார், 19ஆம் நூற்றாண்டுல ஜெர்மனியில வெல்ஹவுசன் அதைப் பெரிய கோட்பாடா வளர்த்தார். எத்தனை மூலம், எந்தக் காலம்னு இன்னைக்கும் சண்டை ஓயல, ஆனா பல கைகள் சேர்ந்த வேலைங்கிறதுல பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துப்போறாங்க.

அந்த மூலங்கள்ல ஒரு துளி ரொம்பப் பழைய வடிவத்துலயே கிடைச்சிருக்கு. 1979ல எருசலேமுக்குப் பக்கத்துல கேதேஃப் ஹின்னோம்ங்கிற இடத்துல கேப்ரியல் பர்காய் ஒரு கல்லறையைத் தோண்டினப்ப குட்டியா சுருட்டின ரெண்டு வெள்ளித் தகடு கிடைச்சுது, பெரியதே நீளம் 10 சென்டிமீட்டர்தான் வரும், தாயத்து மாதிரி போட்டுக்கிட்டது. உடையாம அதைப் பிரிக்கவே வருஷக்கணக்காச்சு. உள்ள முடி மாதிரி மெல்லிசா கீறின எழுத்து, நம்ம ஊர் சர்ச்ல ஆராதனை முடியும்போது "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்"னு சொல்வாங்களே, எண்ணாகமம் 6ல வர்ற அந்த ஆசீர்வாதத்தோட வரிகள். காலம் கி.மு. 7ஆம் நூற்றாண்டு முடிவு இல்ல 6ஆம் நூற்றாண்டு ஆரம்பம், சாக்கடல் சுருள்களை விட சுமார் 400 வருஷம் பழசு. ஆனா வாக்கியம் எண்ணாகமத்துல இருக்கிற மாதிரி முழுசா அப்படியே இல்ல, ஒரு தகடுல சுருக்கமா இருக்கு. அப்ப எண்ணாகமம்னு ஒரு புத்தகம் இருந்துச்சுன்னு இதை வச்சு சொல்ல முடியாது, ஜனங்க வாயில அந்த ஆசீர்வாதம் இருந்துச்சுன்னு தைரியமா சொல்லலாம்.

அதுக்குக் கொஞ்ச காலத்துலயே, கி.மு. 586 வாக்குல, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரோட படை எருசலேமையும் ஆலயத்தையும் எரிச்சுது. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே ராஜா யோயாக்கீனையும் படிச்சவங்க, கைவினைஞர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அந்த ராஜாவுக்குக் கொடுத்த எண்ணெய் ரேஷன் கணக்கு களிமண் பலகையில பாபிலோன்லயே கிடைச்சிருக்கு, யூதா நாட்டு ராஜான்னு பேரோட. ராஜா கைதி, ஆலயம் சாம்பல், நிலம் போச்சு. கைல மிஞ்சினது பழைய கதைகளும் சட்டங்களும் பாட்டுகளும்தான், அதைச் சேர்த்துத் தொகுக்கிற வேலை சூடு பிடிச்சது இந்தக் காலத்துலயும் இதுக்கப்புறம் பாரசீக ராஜா கோரேஸ் திரும்பிப் போக அனுமதி கொடுத்த பின்னாடியும்தான்னு பல அறிஞர்கள் சொல்றாங்க.

அப்பவும் எல்லா யூதர்கள் கைக்கும் தோரா, அதாவது வேதத்தோட முதல் அஞ்சு புத்தகம், போய்ச் சேரலங்கிறதுக்கு எகிப்துல ஒரு சாட்சி இருக்கு. நைல் நதியில அஸ்வானுக்குப் பக்கத்துல எலிபன்டைன்னு ஒரு தீவு, கி.மு. 5ஆம் நூற்றாண்டுல பாரசீகப் படைக்கு வேலை பாத்த யூத வீரர்கள் குடும்பத்தோட அங்க இருந்தாங்க. அவங்க விட்டுட்டுப் போன பாப்பிரஸ்ல கல்யாணப் பத்திரம், கடன் பத்திரம், கடிதம், கதை எல்லாம் இருக்கு, தோராவோட ஒரு வரி கூட இல்ல. அந்த அஞ்சுல ஒண்ணான உபாகமம் ஒரே இடத்துலதான் பலி கொடுக்கணும்னு கண்டிப்பா சொல்லுது, இவங்களோ யாகோன்னு அவங்க கூப்பிட்ட தங்களோட கடவுளுக்கு அங்கயே ஒரு கோவில் கட்டி பலி கொடுத்துட்டு இருந்தாங்க. காணிக்கைக் கணக்குல யாகோவோட பேருக்குக் கூடவே அனாத்பெத்தேல்னு இன்னொரு தெய்வத்தோட பேரும் வருது. கி.மு. 410ல பக்கத்துல இருந்த க்னூம்ங்கிற எகிப்திய தெய்வத்தோட கோவில் பூசாரிங்க ஆளுங்களைச் சேர்த்துக்கிட்டு அந்தக் கோவிலை இடிச்சப்ப, இவங்க எருசலேமுக்கே கடிதம் எழுதி திருப்பிக் கட்ட உதவி கேட்டாங்க. தப்பு பண்றோம்ங்கிற நெனப்பே அதுல எங்கயும் இல்ல. மனசார யூதர்களா வாழ்ந்திருக்காங்க, புத்தகம் அவங்க வாழ்க்கைக்கு நடுவுல இன்னும் வரல.

நடுவுல எப்ப வந்துச்சுன்னா கி.பி. 70ஐ முக்கியமா சொல்லணும், அந்த வருஷம் ரோமர்கள் ரெண்டாவது ஆலயத்தையும் அழிச்சாங்க. பலி கொடுக்க இடம் இல்ல, ஆசாரியர்களுக்கு வேலை இல்ல, ஜெபமும் படிப்பும் மட்டும்தான் மிச்சம், வாசிக்கிற புத்தகம் ஊருக்கு ஊர் மாறினா சமூகமே சிதறிடும். ஆனா ஒரே நாள்ல யாரும் கூடி முடிவெடுக்கல. எருசலேம் ஆலய வட்டாரத்துல ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு முன்னாடியே மதிப்பு இருந்திருக்கணும், ஏன்னா மசாதா கோட்டையில கிடைச்ச சுருள்கள்ல பெரும்பாலானது இன்னைக்கு இருக்கிற எபிரேய வேதத்தோட நெருக்கமா ஒத்துப்போகுது, அந்தக் கோட்டை கி.பி. 73 இல்ல 74ல ரோமர்கள்கிட்ட விழுந்தது. அடுத்து கி.பி. 132-135ல ரோமர்களுக்கு எதிரா நடந்த யூதக் கலகத்தப்ப ஜனங்க பாலைவனக் குகைகள்ல ஒளிச்சு வச்ச பிரதிகளும் அதே வடிவம்தான். மத்த வடிவங்களை எபிரேயத்துல நகல் எடுக்க ஆள் இல்லாம போச்சு.

அப்புறம் அந்த வடிவம் எவ்வளவு கெட்டியா நின்னுச்சுன்னு காட்டினது ஒரு கரிக்கட்டை. சாக்கடல் கரையில எங்கேதிங்கிற ஊர்ல பழைய ஜெபாலயம் ஒண்ணு தீயில அழிஞ்சுது, 1970ல அங்க தோண்டினப்ப சுருள் வைக்கிற பெட்டி இருந்த இடத்துல கரியாப்போன ஒரு உருளை கிடைச்சுது. தொட்டா உதிரும், 45 வருஷம் யாராலயும் படிக்க முடியல. அமெரிக்காவுல கென்டக்கி பல்கலைக்கழகத்து பிரென்ட் சீல்ஸ் குழு அதை மைக்ரோ சிடி ஸ்கேன் பண்ணின படங்களை வச்சு, கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு சுற்றையும் தனியா பிரிச்சு, எந்த இடத்துல அடர்த்தி கூடுதலோ அதை எழுத்துன்னு குறிச்சு, கடைசியில தட்டையா விரிச்சாங்க. மையில ஏதோ உலோகம் கலந்திருக்கணும், அதனால ஸ்கேன்ல எழுத்து பளிச்சுன்னு வந்துச்சு. லேவியராகமத்தோட முதல் ரெண்டு அதிகாரம். கார்பன் டேட்டிங்ல கி.பி. 3-4ஆம் நூற்றாண்டு. பல நூறு வருஷம் கழிச்சு திபேரியாங்கிற ஊர்ல மசோரெத்துகள்னு சொல்ற யூத அறிஞர்கள் உயிர்க்குறி போட்டு எழுதி வச்ச பாடத்தோட இதை ஒப்பிட்டா, மெய்யெழுத்துல ஒரு வித்தியாசமும் இல்ல. 930 வாக்குல எழுதின அலெப்போ பிரதி, 1008ஐ ஒட்டி எழுதின லெனின்கிராட் பிரதி எல்லாம் இந்த வரிசையில வந்ததுதான், நம்ம தமிழ் பழைய ஏற்பாட்டுக்கும் இந்த வரிசைதான் அடிப்படை.

மத்த வடிவங்களும் முழுசா செத்துடல. கெரிசீம் மலையை ஒட்டியும் இஸ்ரேல்ல ஹோலோன் ஊர்லயும் வாழற சமாரியர்கள், மொத்தமே ஆயிரத்துக்கும் கம்மிதான் இருப்பாங்க, இன்னும் அவங்களோட சொந்தத் தோராவைத்தான் படிக்கிறாங்க, அதுல ஆலயம் இருக்க வேண்டிய இடம் எருசலேம் இல்ல, கெரிசீம். கிரேக்க ஆர்தடாக்ஸ் சர்ச்சுக்கு செப்துவஜிந்துதான் பழைய ஏற்பாடு, அதனால 4ஆம் குகையில மீட்ட அந்த சின்ன எரேமியா அங்க இன்னைக்கும் வாசிப்புல இருக்கு.