காணாக்கடி: அர்ட்டிகேரியாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

தோல் திடீரென்று தடித்துச் சிவக்கிறது. தாங்க முடியாமல் அரிக்கிறது. சில மணி நேரத்தில் வந்த சுவடே தெரியாமல் மறைந்து, வேறோர் இடத்தில் புதிதாகக் கிளம்புகிறது. இந்த நோய்க்கு மருத்துவர் சீட்டில் எழுதும் பெயர் அர்ட்டிகேரியா. வீட்டில் சிலர் அலர்ஜி என்பார்கள், சிலர் தடிப்பு என்பார்கள், சிலர் சொறி என்றே சொல்லிவிடுவார்கள். எந்தப் பெயரைச் சொல்கிறோமோ அதை வைத்துத்தான் பக்கத்தில் இருப்பவர் நம் கையைத் தொடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். எனக்கும் இந்த நோய் உண்டு. அதனால் இதன் பெயர்களைக் கொஞ்சம் பொறுமையாகவே பார்க்க விரும்புகிறேன்.

அர்ட்டிகேரியா லத்தீன் சொல். உர்டிகா என்றால் தொட்டால் சுரீர் என்று எரிய வைக்கும் ஒரு செடி. எரித்தல் என்று பொருள்படும் உரேரே என்ற வினைதான் அதற்கு வேர். ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் 1769இல் நோய்களை வகை பிரித்து எழுதிய நூலில் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். ஆனால் அந்தச் செடியோடு இந்த நோயைச் சேர்த்துப் பார்த்தது அவர் மட்டுமில்லை. பழைய கிரேக்க மருத்துவத்தில் இதன் பெயர் நிடோசிஸ். அதுவும் அதே செடியின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. ஜெர்மன்காரர்கள் நெஸ்ஸல்சுக்ட், அதாவது ‘அந்தச் செடி நோய்’ என்கிறார்கள். சீன, ஜப்பானியப் பெயர்களிலும் அந்தச் செடியே இருக்கிறது. ஆங்கிலப் பேச்சில் வரும் ஹைவ்ஸ் மட்டும் தனி. அது எங்கிருந்து வந்தது என்பது ஆங்கில அகராதிக்காரர்களுக்கே தெளிவில்லை.

நம்மிடம் இந்தச் செடிக்கு நெருங்கிய பெயர் காஞ்சொறி. தாவரவியலில் இது வேறு குடும்பம்தான், ஆனால் மேலே பட்டால் நடப்பது ஏறக்குறைய அதேதான். பெயரைக் காதில் கேட்டாலே சொறி கேட்கிறது.

பார்த்த தோற்றத்தை மட்டும் வைத்து வைத்த பெயர், பின்னாளில் வேதியியலிலும் சரியாகிப் போனது. உர்டிகா இலையில் ஊசி போன்ற நுண்மயிர்கள் இருக்கின்றன. கண்ணாடி மாதிரி உடையும் அவற்றின் நுனி தோலில் முறிந்து, உள்ளே இருக்கும் நீரைச் செலுத்துகிறது. அந்த நீரில் இருப்பவற்றில் ஒன்று, அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் வேதிப்பொருளான ஹிஸ்டமின். அர்ட்டிகேரியாவில் அதே ஹிஸ்டமினைச் செடி எதுவும் இல்லாமல் நம் தோலே கொட்டுகிறது. தோலுக்குள் இருக்கும் மாஸ்ட் செல்கள் அதைச் சின்னச் சின்னத் துகள்களாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிச் 1878இல் தன் ஆய்வேட்டில் இந்தச் செல்களுக்குப் பெயர் வைத்தபோது, உள்ளே நிறைந்திருந்த துகள்களைப் பார்த்து நன்றாகத் தின்று கொழுத்தவை என்று நினைத்தார். கொழுக்கத் தீனி போடுவதற்கான ஜெர்மன் சொல்தான் மாஸ்ட். துகள்கள் தீனி இல்லை, செல்லே தயாரித்தவை என்பது பிறகுதான் தெரிந்தது. பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அந்தத் துகள்கள் வெளியே கொட்டும்போது அருகில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, நரம்பு முனைகள் தூண்டப்படுகின்றன. விரிவதால் சிவப்பு, கசிவதால் தடிப்பு, நரம்பால் அரிப்பு. பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1927இல் இதை மூன்று கட்டமாக விவரித்தார்: முதலில் சிவப்புக் கோடு, அடுத்து அதைச் சுற்றிப் பரவும் சிவப்பு, கடைசியில் மேலெழும் தடிப்பு. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். அர்ட்டிகேரியா உள்ள பலருக்கு, பேனாவின் மூடிய முனையால் முன்கையில் ஓர் எழுத்தை அழுத்தி எழுதினால் போதும். ஒரு நிமிடத்தில் கோடு சிவக்கும். சில நிமிடங்களில் எழுத்து தோலுக்கு மேலே எழுந்து நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே படிக்கலாம். அரைமணியோ ஒரு மணியோ கழித்துப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. இந்த வகைக்கு மருத்துவப் பெயர் டெர்மோகிராபிசம். கிரேக்கத்தில் தோல், எழுதுதல் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. தமிழில் தோலெழுத்து என்றால் போதும் என்பது என் கருத்து. விளக்கமே தேவைப்படாத பெயர்.

சரி, முழு நோய்க்கு? புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். காணாக்கடி என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. சித்த மருத்துவத்தில் இன்றும் அர்ட்டிகேரியாவை இந்தப் பெயரால்தான் குறிக்கிறார்கள். காணா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். காணாத என்பதன் கடைசி எழுத்து கெட்டது. அதனால்தான் நடுவில் க் மிகுந்து காணாக்கடி என்று வருகிறது. கண்ணால் காணாத கடி. எதுவோ கடித்த மாதிரி தடித்திருக்கிறது, கடித்தது எதுவென்று பார்த்தால் ஒன்றுமில்லை. நோயாளியின் அனுபவத்திலிருந்தே பிறந்த பெயர் இது. லத்தீன் பெயர் தோலைப் பார்த்தவர் வைத்தது. இது அந்தத் தோலுக்குள் இருந்தவர் வைத்தது என்றே எனக்குத் தோன்றும்.

இந்தச் சொல்லில் ஒரு சிக்கலும் உண்டு. பெயர் தெரியாத பூச்சி உண்மையாகவே கடித்து வரும் தடிப்பையும் காணாக்கடி என்பார்கள். அந்தப் பொருளிலேயே நின்றுவிட்டால் படுக்கையை உதறுவதிலும் மூட்டைப்பூச்சியைத் தேடுவதிலும் மாதங்கள் போய்விடும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பூச்சிக்கடியின் தடிப்பு அதே இடத்தில் நாள்கணக்கில் இருக்கும், நடுவில் கடிவாய் தெரியும். அர்ட்டிகேரியாவில் ஒவ்வொரு தடிப்பும் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு தடிப்பைச் சுற்றி பேனாவால் வட்டம் போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அர்ட்டிகேரியா என்றால் மறுநாள் வட்டம் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

சொறி, சிரங்கு, படை ஆகிய மூன்றையும் இந்த நோய்க்குச் சொல்லவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தொற்றும் தோல் நோய்களையே பேச்சில் இந்தப் பெயர்களால் சொல்கிறோம்: சிரங்கு தோலுக்குள் புகும் நுண்பூச்சியால் வருவது, படை பூஞ்சையால் வருவது. அர்ட்டிகேரியா தொற்றாது, தொட்டாலும், ஒரே துண்டில் துடைத்தாலும், ஒரே படுக்கையில் படுத்தாலும் தொற்றாது. சுத்தக்குறைவாலும் வருவதில்லை. சொறி என்ற ஒற்றைச் சொல் போதும், பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். அரிக்கிற அரிப்பு போதாதென்று அதையும் ஏன் சுமக்க வேண்டும்?

அலர்ஜி, அதன் தமிழான ஒவ்வாமை, இவை கொஞ்சம் நுட்பமான பிழை. அலர்ஜி 1906இல் ஆஸ்திரிய மருத்துவர் கிளெமன்ஸ் ஃபொன் பிர்கே உருவாக்கிய சொல். வேறு, செயல் என்ற கிரேக்க வேர்கள் அதில் உண்டு. ஒவ்வாமை அழகான தமிழாக்கம்தான். ஆனால் ஒவ்வாமை என்றதும் ‘எது ஒவ்வவில்லை?’ என்ற கேள்வி உடனே எழும். சில நாள்களில் மாறிவிடும் திடீர்த் தடிப்புகளில் சிலவற்றுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். மாதக்கணக்கில் நீளும் வகையில் பெரும்பாலும் பொருந்தாது. அங்கே பலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே தன் மாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகிறது. தைராய்டு சுரப்பியையும் அதே எதிர்ப்பாற்றல் தாக்குவது இவர்களிடம் சற்று அதிகம், அதனால்தான் மருத்துவர் தைராய்டுக்கும் சேர்த்து ரத்தப் பரிசோதனை எழுதுகிறார். இது தெரியாமல், ஒவ்வாமை என்ற சொல்லை நம்பி, ஒவ்வோர் உணவாக விலக்கிக்கொண்டே போய்க் கடைசியில் சாப்பாட்டுக்கே பயந்து மெலிந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். தடிப்பும் போகாது, ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ என்ற குற்றச்சாட்டும் நிற்காது.

நாள்பட்ட என்ற அடைமொழிக்கு இந்த நோயில் கணக்கே உண்டு. தடிப்புகள் 6 வாரத்துக்கு மேல் தொடர்ந்தோ விட்டுவிட்டோ வந்தால் அது நாள்பட்டது, அதற்குள் நின்றால் திடீர் வகை. ஆங்கிலச் சொல்லான கிரானிக் காலம் என்ற கிரேக்கச் சொல்லின் வழியில் வந்தது. நாள் பட்ட என்பது அதற்குச் சொல்லுக்குச் சொல் பொருத்தம். சிலர் தீராத என்று பெயர்த்துவிடுகிறார்கள், அது தவறு. நாள்பட்ட காணாக்கடி பெரும்பாலானவர்களுக்குச் சில ஆண்டுகளில் தானே அடங்கிவிடுகிறது. தீராத என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவரின் மனநிலையை நினைத்தால், இந்தத் திருத்தம் சின்ன விஷயம் இல்லை.

காரணம் வெளியே தெரியாத வகையை முன்பு இடியோபதிக் என்றார்கள், இப்போது மருத்துவர்கள் ஸ்பான்டேனியஸ் என்ற சொல்லுக்கு மாறிவிட்டார்கள். தான்தோன்றி என்று தமிழாக்கலாம், ஆனால் தான்தோன்றித்தனம் என்ற வசைச்சொல் கூடவே வந்து நிற்கும். தன்னியல்பான காணாக்கடி என்பதே நல்லது. குளிர், வெப்பம், அழுத்தம், வியர்வை, வெயில் போன்ற ஒரு குறிப்பிட்ட தூண்டலால் மட்டும் வருவது இன்னொரு பிரிவு. அதைத் தூண்டல் காணாக்கடி எனலாம். இடுப்புப் பட்டை, காலுறையின் விளிம்பு, தோளில் தொங்கும் பையின் வார், இவை பட்ட இடத்தில் பட்டை பட்டையாகக் கிளம்பினால் அந்தப் பிரிவை யோசிக்க வேண்டும்.

இனி அரிப்பு. இந்த நோயோடு வாழ்கிறவர் ஒரு நாளில் அதிகம் சொல்லும் சொல் இதுதான். தமிழில் இந்த உணர்ச்சிக்கு ஒன்றுக்கு நான்கு பெயர்கள் இருக்கின்றன, நான்கும் ஒன்றல்ல. அரி என்ற வினை கரையான் மரத்தை அரிப்பதிலும் நீர் மண்ணை அரிப்பதிலும் வருவது. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்ப்பது. ஊறல் தோலில் எறும்பு ஊர்கிற மாதிரியான மெல்லிய தொந்தரவு. தினவு சொறிந்தே ஆக வேண்டும் என்ற உந்துதல். சண்டைக்குத் தினவெடுத்த தோள் என்பதில் இருப்பதும் அதுதான். நமைச்சல் விட்டுவிட்டு, உள்ளிருந்து, கை எட்டாத ஆழத்தில் குடைவது. என் அனுபவத்தில் காணாக்கடியின் தொடக்கம் ஊறல். தடிப்பு எழுந்ததும் அது நமைச்சல். உள்ளங்கையிலும் பாதத்திலும் வரும்போது சொறிந்து எந்தப் பயனும் இல்லை. இந்த நோயில் பெரும்பாலும் நகத்தால் கீறுவதில்லை, உள்ளங்கையால் தேய்க்கிறோம். அதனால் உடம்பெல்லாம் அரித்தவரின் தோலில்கூட மறுநாள் கீறல் அதிகம் இருக்காது. ‘ஒன்றுமே தெரியவில்லையே’ என்று பார்க்கிறவர் சொல்வதும் இதனால்தான்.

மாலையில் கிளம்பி நள்ளிரவில் உச்சத்துக்குப் போய், மருத்துவரைப் பார்க்கிற காலை வேளையில் காணாமல் போய்விடுவது இந்த நோய்க்கு வழக்கம். அதனால் கைபேசியில் படம் எடுத்து வைப்பதும் கணக்கு எழுதுவதும் உதவும். கணக்குக்கு ஒரு முறை இருக்கிறது. யூ.ஏ.எஸ்.7, அதாவது அர்ட்டிகேரியா ஆக்டிவிட்டி ஸ்கோர் என்பார்கள். தினமும் தடிப்புக்கு 0 முதல் 3 வரை, அரிப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு 7 நாள் கூட்ட வேண்டும். அதிகபட்சம் 42. ‘ரொம்ப அரிக்குது டாக்டர்’ என்பதைவிட ‘போன வாரம் 31, இந்த வாரம் 18’ என்பதில் மருத்துவருக்குச் செய்தி அதிகம்.

மருந்தின் பெயரிலும் ஒரு விளக்கம் பொதிந்திருக்கிறது. ஆன்டிஹிஸ்டமின் என்றால் ஹிஸ்டமின் எதிர்ப்பி. ஹிஸ்டமின் போய் உட்கார வேண்டிய இடத்தை அது முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. இது புரிந்தால், அரிக்கும்போது மட்டும் ஒரு மாத்திரை போடுவது ஏன் போதாது, மருத்துவர் தினமும் போடச் சொல்வது ஏன் என்பதும் புரிந்துவிடும். பழைய மருந்துகள் தூக்கத்தை வரவழைப்பவை. செட்டிரிசின், லோரடடின், பெக்சோபெனடின் போன்ற பின்வந்தவற்றில் அந்தத் தொல்லை குறைவு. வழக்கமான அளவு போதாவிட்டால் மருத்துவர் மேற்பார்வையில் 4 மடங்கு வரை கூட்டும் முறை உண்டு, அதற்கும் அடங்காதவர்களுக்கு ஒமலிசுமாப் என்ற ஊசி 4 வாரத்துக்கு ஒருமுறை போடப்படுகிறது. அளவை நாமே கூட்டிக்கொள்வது வேண்டாம். ஆஸ்பிரின், இப்யூபுரூபென், டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்குத் தடிப்பைக் கிளப்பிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் ‘எனக்கு நாள்பட்ட காணாக்கடி, அர்ட்டிகேரியா’ என்று இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, காணாக்கடி என்ற பெயருக்குள் அடைக்கக் கூடாத இரண்டு நிலைகள். ஒரே தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் நின்று, அரிப்பைவிட வலியும் எரிச்சலும் அதிகமாகி, மறையும்போது கன்றிய கறையை விட்டுப் போனால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டி வரும். இன்னொன்று ஆஞ்சியோஎடிமா. தோலின் ஆழத்தில் வரும் இந்த வீக்கத்தை ஆழ்வீக்கம் என்று நான் எழுதுவேன். உதடும் இமையும் வீங்குவது இந்த நோயில் அடிக்கடி நடப்பதுதான், பார்க்கப் பயமாக இருந்தாலும் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். நாக்கோ தொண்டையோ வீங்கினால், குரல் மாறினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றி மயக்கம் வந்தால் காத்திருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் மாத்திரை வேலை செய்யட்டும் என்று உட்காராமல் அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குக் கிளம்ப வேண்டும்.