கான்சுலேட்: 'துணைத் தூதரகம்' ஏன் தவறு

ராமேஸ்வரம் மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்யும்போதெல்லாம் நம் செய்திகளில் இரண்டு 'துணைத் தூதரகங்கள்' வந்துவிடும். யாழ்ப்பாணத்திலுள்ள 'இந்தியத் துணைத் தூதரக' அதிகாரிகள் சிறைக்குப் போய் மீனவர்களைப் பார்ப்பார்கள். கைதைக் கண்டித்து நுங்கம்பாக்கத்திலுள்ள 'இலங்கைத் துணைத் தூதரகத்தை' முற்றுகையிடப் போவதாக இங்கே ஒரு கட்சி அறிவிக்கும். படிப்பவருக்கு இரண்டும் ஒரே வகை அலுவலகமாகத்தான் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்தில் 2010இல் திறக்கப்பட்டது இந்தியாவின் கான்சுலேட் ஜெனரல், அதாவது வெளிநாட்டில் தன் நாட்டவரின் காரியங்களைக் கவனிக்கும் அலுவலகம். சென்னையில் இருப்பது இலங்கையின் டெபுடி ஹை கமிஷன். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு அதைத் தமிழாக்கம் என்கிறோம்.

இரண்டாவதில் தவறில்லை. காமன்வெல்த் நாடுகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் தூதருக்கு ஹை கமிஷனர் என்று பெயர். அரசர் ஒருவரே என்றிருந்த நாடுகள் ஒன்றுக்கொன்று தூதர் அனுப்ப முடியாது என்பதால் வந்த பட்டம் அது. 1880இல் கனடா லண்டனுக்கு அனுப்பியவரே முதல் ஹை கமிஷனர். அந்த அலுவலகத்தின் கிளையாகத் தலைநகருக்கு வெளியே இயங்குவது டெபுடி ஹை கமிஷன். மூலப் பெயரிலேயே 'டெபுடி' இருப்பதால் அங்கே 'துணை' பொருந்துகிறது. ஈழத்தமிழர் இதை இன்னும் கறாராகப் 'பிரதி உயர்ஸ்தானிகர்' என்கிறார்கள். வடமொழி வாடை அடித்தாலும் யாரைச் சொல்கிறோம் என்பதில் குழப்பமில்லை.

சிக்கல் கான்சுலேட்டில்தான். 'கான்சல்' லத்தீன் சொல். ரோமானியக் குடியரசில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு தலைமை ஆட்சியாளர்களின் பெயர். பின்னர், இடைக்காலத்தில், மத்தியதரைக்கடல் துறைமுகங்களில் அயலூர் வணிகர்களுக்குள் எழும் வழக்கைத் தீர்த்துவைத்து அவர்கள் நலனைப் பார்த்துக்கொண்டவருக்கு அந்தப் பெயர் வந்தது. இன்றைய பொருள் அங்கிருந்து வந்ததே.

தூதர் வந்த வழி வேறு. திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூது; அதில் தூதுரைப்பான் வேந்தனின் சொல்லை இன்னொரு வேந்தனிடம் கொண்டு செல்கிறவன். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் போனதும் அந்த வேலைக்கே. இன்றும் ஒரு நாட்டின் தூதர் தில்லிக்கு வந்தால் குடியரசுத் தலைவரிடம் நியமனப் பத்திரத்தைக் கொடுத்த பிறகே முழுப் பொறுப்பு ஏற்கிறார். அவர் பேசுவது அரசு அரசோடு பேசுகிற பேச்சு. கான்சல் அப்படி யாரிடமும் தூது சொல்ல வருவதில்லை. பாஸ்போர்ட் தொலைத்தவனுக்கு மாற்று ஆவணம், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பதிவு, சிறையில் கிடக்கும் தன் நாட்டவனுக்கு வழக்கறிஞர், இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பத் தடையின்மைச் சான்று, இந்நாட்டவருக்கு விசா: அவர் மேசைக்கு வருவன இவை. அவர் பணி தனிமனிதரோடு. அதனால்தான் உலகம் இவர்களுக்குத் தனித்தனி உடன்படிக்கை எழுதிக்கொண்டது: தூதருக்கு 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, கான்சலுக்கு 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை. கான்சல் என்பவர் தூதருக்கு ஒரு படி கீழே இருப்பவர் மட்டுமே என்றால் இரண்டாவது எதற்கு?

'துணைத் தூதரகம்' என்பதற்கு வக்காலத்து வாங்குவோர் சொல்வது ஒன்றுதான்: கான்சுலேட் தலைநகரிலுள்ள தூதரகத்தின் மேற்பார்வையில் இருக்கிறது, ஆகவே துணை. மேற்பார்வை உண்மை. ஆனால் யார் யாருக்குக் கீழ் என்பதை வைத்துப் பதவிக்குப் பெயர் வைப்பதில்லை. தாசில்தார் கலெக்டருக்குக் கீழ்தான்; அவரைத் துணை ஆட்சியர் என்று யாரும் எழுதுவதில்லை, அந்தப் பதவி தனியாக இருக்கிறது.

வரலாறும் அவர்களுக்கு உதவாது. சென்னையில் அமெரிக்காவின் கான்சுலர் முகவராக வில்லியம் அபட் அமர்த்தப்பட்டது 1794இல். தில்லியில் அமெரிக்கத் தூதர் என்று ஒருவர் வர அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. இல்லாத தூதருக்கு அவர் எப்படித் துணை?

சட்டமும் உதவாது. 1963 உடன்படிக்கையின் 2ஆம் பிரிவைப் பாருங்கள். இரு நாடுகள் தூதரக உறவை முறித்துக்கொண்டாலும் கான்சுலர் உறவு அதனாலேயே முறிந்துவிடாது என்கிறது. தூதர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் கான்சல் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தலாம். துணை என்ற சொல் இதற்கு நேர் எதிரான பொருளைத் தருகிறது.

இதைவிடப் பெரிய இடைஞ்சல், இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த சொல்லை அமைக்க முடியவில்லை. அதே உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு கான்சுலேட் தலைவர்களை நான்கு நிலையாகப் பிரிக்கிறது: கான்சல் ஜெனரல், கான்சல், வைஸ் கான்சல், கான்சுலர் முகவர். கான்சல் துணைத் தூதர் என்றால் வைஸ் கான்சல் யார்? துணைத் துணைத் தூதரா? ஜெமினி மேம்பாலத்தருகே விசா நேர்காணலில் கண்ணாடிக்கு அப்பால் இருந்து கேள்வி கேட்பவர் பல நேரம் வைஸ் கான்சல்தான். அவருக்குத் தமிழில் பெயரே இல்லை. பெரும்பாலான தூதரகங்களில் ஒரு கான்சுலர் பிரிவு உண்டு. அதைத் 'தூதரகத்தின் துணைத் தூதரகப் பிரிவு' என்றா எழுதுவது? எழுத முடியாததால் மொழிபெயர்ப்பாளர்கள் 'தூதரகப் பிரிவு' என்று விட்டுவிடுகிறார்கள். தூதரகத்தில் தூதரகப் பிரிவு என்றால் மற்ற பிரிவுகள் எல்லாம் என்ன?

2013 டிசம்பரில் நியூயார்க்கில் தேவயானி கோப்ரகடே கைதானபோது இந்தக் குளறுபடி முழுதாக வெளிப்பட்டது. அவர் அங்குள்ள இந்திய கான்சுலேட்டின் டெபுடி கான்சல் ஜெனரல். தமிழ்ச் செய்திகள் 'துணைத் தூதர்' என்றன. தூதரைக் கைது செய்யவே முடியாதே, துணைத் தூதரை எப்படி என்று படித்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் தவறான சொல்லிலிருந்து பிறந்த கேள்வி. தூதரகத்து ராஜதந்திரிக்குக் கைது, வழக்கு ஆகியவற்றிலிருந்து முழு விலக்குரிமை உண்டு. கான்சுலர் அதிகாரிக்கு 1963 உடன்படிக்கையின் 43ஆம் பிரிவுப்படி அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டுமே விலக்கு; கடுங்குற்றம் என்றால் நீதித்துறையின் ஆணையோடு கைது செய்யலாம் என்கிறது 41ஆம் பிரிவு. இந்தியா அவரை அவசரமாக ஐ.நா.வுக்கான தன் நிரந்தரத் தூதுக்குழுவுக்கு மாற்றியது அந்த முழு விலக்குரிமைக்காகத்தான். அவர் கான்சுலேட்டில் இருந்தவர் என்பதே செய்தியின் மையம். தமிழ் வாசகனுக்கு அது சொல்லப்படவே இல்லை.

உளவாளி என்று பாகிஸ்தான் கைது செய்த இந்தியரான குல்பூஷண் ஜாதவ் வழக்கில் 2019 ஜூலை 17 அன்று பன்னாட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்புக்கும் இதே கதிதான். பாகிஸ்தான் மீறியது அதே உடன்படிக்கையின் 36ஆம் பிரிவை. அதாவது கைதானவரைச் சந்திக்க அவருடைய நாட்டின் கான்சலுக்கு உள்ள உரிமையை. நாம் படித்தது 'தூதரக அணுகல்'. யார் எதை அணுகுகிறார்கள் என்றே தெரியாத தொடர்.

ஏட்டில் மட்டும் நிற்கிற குழப்பமல்ல இது. துபாயில் ஒருவர் இறந்துவிட்டால் தடையின்மைச் சான்று தரவேண்டியது துபாயிலுள்ள இந்திய கான்சுலேட் ஜெனரல். ஷார்ஜா, அஜ்மான் முதலிய வட அமீரகங்களும் அதன் எல்லைதான். அபுதாபி, அல் ஐன் என்றால் அபுதாபியிலுள்ள தூதரகம். இறப்புச் சான்றிதழ், ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட், உடல் பதப்படுத்திய சான்று எல்லாம் கையில் இருந்தும், 'துணை' என்ற சொல்லைப் பார்த்து, பெரிய இடத்துக்கே எழுதுவோம் என்று குடும்பத்தார் மனுவை அபுதாபிக்கு அனுப்பினால் அது திரும்ப துபாய்க்குத்தான் வரும். இடைப்பட்ட நாட்களில் உடல் பிணவறையில் கிடக்கும்.

சிலர் 'வணிகத் தூதரகம்' என்கிறார்கள். இந்தியின் 'வாணிஜ்ய தூதாவாஸ்' போட்ட குட்டி அது. பழைய வணிகர் தொடர்பு அதில் தெரிகிறது, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சிறையிலிருக்கும் மீனவரைப் பார்க்க வணிகத் தூதர் போனார் என்றால் சிரிப்பார்கள். தூதரகங்களிலேயே வணிகப் பிரிவு என்று தனியாக ஒன்று இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

'குடிமைத் தூதரகம்' என்பது பொருந்தும் என்பது என் துணிபு. குடிமைப் பணி, குடிமைப் பொருள் என்று அரசுத் தமிழில் ஏற்கெனவே பழகிய அடைமொழி. அரசோடு பேசுபவர் தூதர், குடிகளின் காரியம் பார்ப்பவர் குடிமைத் தூதர். இதிலிருந்து மற்றவையும் தடங்கலின்றி வரும்: கான்சல் ஜெனரல் தலைமைக் குடிமைத் தூதர், வைஸ் கான்சல் துணைக் குடிமைத் தூதர், கான்சுலர் பிரிவு குடிமைப் பிரிவு. 36ஆம் பிரிவு தருவது குடிமைத் தூதரைச் சந்திக்கும் உரிமை. குறளில் குடிமை என்றால் நற்குடிப் பிறப்பு அல்லவா என்று கேட்கலாம். கேட்பவர் ரேஷன் கடையை நடத்தும் துறையின் பெயரை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். அங்கே அந்தப் பொருள் எப்போதோ மாறிவிட்டது. விசா வாங்குபவர் அயல்நாட்டார், அவர் எப்படிக் குடி என்றும் கேட்கலாம். அவரும் அரசல்ல, தனிமனிதர். குடிமை என்பது இங்கே அரசுக்கு எதிர்ப்பதம்.

இந்தச் சொல் ஏறும்வரை 'கான்சுலேட்' என்றே எழுதுங்கள். சென்னையில் ஆட்டோ ஓட்டுபவர் முதல் விசாவுக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்பவர் வரை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இலங்கை அரசின் தமிழிலும் 'கொன்சியூலர்' இருக்கிறது. தமிழ்ச்சொல்லே வேண்டும் என்பதில் எனக்கும் உறுதி உண்டு. ஆனால் பொருளைத் திரிக்கிற தமிழ்ச்சொல்லால் தமிழுக்கு ஒரு லாபமும் இல்லை. கலைச்சொல் பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டு, அடுத்த வரியில் வைஸ் கான்சல் வந்ததும் 'அதிகாரி' என்று மழுப்பும் வழக்கத்தை மொழிபெயர்ப்பாளர்கள் விடவேண்டும். ஒரு சொல்லை ஏற்கும் முன் அதன் குடும்பத்துச் சொற்கள் ஐந்தையாவது அதனோடு எழுதிப் பார்க்கவேண்டும். மதிப்புறு கான்சல் என்று உள்ளூர்த் தொழிலதிபர்களைப் பல நாடுகள் சென்னையில் அமர்த்தியிருக்கின்றன. சம்பளமில்லாத, சொந்தத் தொழிலை நடத்திக்கொண்டே பார்க்கிற பொறுப்பு அது. அவர்களையும் 'கௌரவத் தூதர்' என்று அச்சிடுகிறோம். விளம்பரத் தூதருக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் அந்தச் சொல்லில் விடை இல்லை.