“அல்சர் இல்லை” என்பதோடு முடிந்துவிடுவதில்லை

எண்டோஸ்கோபி முடிந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “அல்சர் இருக்கா டாக்டர்?” இல்லை என்று சொன்னால் போதும், நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார்கள். அப்போது கிள்ளி எடுத்த திசுத் துண்டைப் பரிசோதித்து, சில நாள் கழித்து வரும் பயாப்சி ரிப்போர்ட்டைப் பலர் வாங்குவதே இல்லை. வாங்குகிறவர்களும் ‘புற்று இல்லை’ என்ற கடைசி வரியைப் பார்த்துவிட்டு ஃபைலில் போட்டுவிடுகிறார்கள். இரைப்பைப் புற்றுநோயைத் தடுக்க நினைக்கிறவர் படிக்க வேண்டியது அந்தக் கடைசி வரிக்கு மேலே உள்ள வரிகளைத்தான்.

இரைப்பைப் புற்று பெரும்பாலும் ஒரே நாளில் முளைப்பதில்லை. எச். பைலோரி என்ற கிருமி சிறு வயதிலேயே உள்ளே புகுந்து, இரைப்பையின் உட்சுவரில் ஆறாத அழற்சியை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே இதைப் புற்றை உண்டாக்கும் கிருமி என்று அறிவித்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால் அமிலம் சுரக்கும் சுரப்பிகள் தேய்ந்து போகும். ரிப்போர்ட்டில் இது ‘அட்ரோபி’. தேய்ந்த இடத்தில் குடலின் செல்கள் வளரத் தொடங்கும்; இதுதான் ‘இன்டெஸ்டினல் மெட்டாப்ளேசியா’. இரைப்பையில் இருக்கவே கூடாத, குடலுக்கே உரிய சளி நிறைந்த கோப்பை வடிவச் செல்கள் மைக்ராஸ்கோப்பில் வரிசையாகத் தெரியும். அடுத்த படி, செல்களின் வடிவமே கெட்டுப்போகும் ‘டிஸ்பிளேசியா’. அதற்குப் பிறகுதான் புற்று. அதிக உப்பும் புகையிலையும் இந்தப் பாதையில் வேகத்தைக் கூட்டுகின்றன.

மெட்டாப்ளேசியா என்ற சொல்லைப் பார்த்தவுடன் பயப்பட வேண்டாம். அது இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்று வருவதே இல்லை. எவ்வளவு பரவியிருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை கிடைக்க பயாப்சியை முறையாக எடுத்திருக்க வேண்டும்: இரைப்பையின் கீழ்ப்பகுதியில் 2, வளைவில் 1, நடுவில் உள்ள பெரிய பகுதியான உடற்பகுதியில் 2. ஒவ்வொன்றும் கடுகைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். கீழ்ப்பகுதித் துண்டுகள் ஒரு குப்பியிலும் உடற்பகுதித் துண்டுகள் இன்னொரு குப்பியிலும் லேபுக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஃபார்மலின் குப்பியில் போட்டுவிட்டால், எது எங்கிருந்து வந்தது என்று பேத்தாலஜிஸ்ட்டால் சொல்ல முடியாது. மெட்டாப்ளேசியா கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்து, குடும்பத்தில் யாருக்கும் இரைப்பைப் புற்று இல்லையென்றால் கிருமியை ஒழித்தால் பொதுவாகப் போதும். இரண்டு பகுதியிலும் இருந்தால் 3 ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கோப். அதோடு பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் யாருக்காவது இரைப்பைப் புற்று வந்திருந்தால் 1 அல்லது 2 ஆண்டுக்கு ஒருமுறை.

கிருமி ஒழிப்பில்தான் நிறையக் கோட்டை விடுகிறோம். பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துகள், 14 நாள். வாயில் உலோகக் கசப்பு, குமட்டல் என்று ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த முறை ஒழிப்பது இன்னும் கடினம். பிஸ்மத்தால் மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு முன் 2 வாரம் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வரும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது இதற்கு உதவாது. கிருமி ஒழிந்த பிறகும் அது நெடுநாள் பாசிட்டிவாகவே இருக்கும். கொரியாவில் புற்றுநோயாளிகளின் நெருங்கிய ரத்த உறவினர்களுக்குக் கிருமியை ஒழித்துப் பார்த்த ஆய்வில், அவர்களுக்குப் புற்று வருவது பாதிக்கும் மேல் குறைந்தது. வீட்டில் ஒருவருக்கு இரைப்பைப் புற்று என்றால், மற்றவர்கள் எச். பைலோரி பரிசோதனை செய்துகொள்ள இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

பரம்பரையாக வரும் வகை இந்தப் படிகளில் ஏறி வருவதே இல்லை. நியூசிலாந்தின் மாவோரி குடும்பம் ஒன்றில் இளம் வயதிலேயே அடுத்தடுத்து இரைப்பைப் புற்று வந்ததை ஆராய்ந்தபோது, 1998-ல் சிடிஹெச்1 என்ற மரபணுவில் பிழை இருப்பது தெரிந்தது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதத்தை உருவாக்கும் மரபணு அது. ஒட்டு விட்டுப்போன செல்கள் கட்டியாகத் திரளாமல், தனித்தனியாக உட்சுவருக்கு அடியில் பரவும்; இதுதான் ‘டிஃப்யூஸ்’ வகை. செல்லுக்குள் நிரம்பிய சளி உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடுவதால் முத்திரை மோதிரம் போலத் தெரியும். மேலே சுவர் பளபளவென்று நன்றாக இருக்கும், ஸ்கோப்பில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அதனால்தான் இந்தப் பிழை உறுதியானவர்களுக்கு, அதுவும் குடும்பத்தில் இந்தப் புற்று வந்திருந்தால், 20 முதல் 30 வயதுக்குள் இரைப்பையையே முழுதாக எடுத்துவிடப் பரிந்துரைக்கிறார்கள். கேட்கவே கனமான முடிவுதான். எடுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட வேண்டும், பி12 வாழ்நாள் முழுக்க வேண்டும். பிழை உள்ள பெண்களுக்கு, பால் சுரக்கும் மடல்களில் தொடங்கும் லோபுலார் வகை மார்பகப் புற்றும் வரக்கூடும் என்பதால் 30 வயதிலிருந்தே ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ பார்க்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்குப் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

எல்லாக் குடும்பத்துக்கும் இந்த ஜீன் டெஸ்ட் தேவையில்லை. 50 வயதுக்கு முன் ‘டிஃப்யூஸ்’ வகைப் புற்று வந்தவர், குடும்பத்தில் இரண்டு பேருக்கு இரைப்பைப் புற்று வந்து ஒன்றாவது டிஃப்யூஸ் வகையாக இருப்பது, ஒருவருக்கு டிஃப்யூஸ் வகையும் இன்னொருவருக்கு 70 வயதுக்கு முன் லோபுலார் மார்பகப் புற்றும் வந்திருப்பது: இவர்கள் மரபியல் ஆலோசனைக்குப் போக வேண்டும். “அப்பாவுக்கு வயித்துல கேன்சர்” என்பது மட்டும் போதாது. இரைப்பையா, குடலா, கணையமா, எந்த வகை, எத்தனை வயதில் என்று தெரிய வேண்டும். அவர் இறந்திருந்தாலும் பழைய பயாப்சி ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். ரிப்போர்ட் தொலைந்திருந்தால் சிகிச்சை எடுத்த மருத்துவமனையின் லேபில் கேளுங்கள். அந்தத் திசுவின் மெழுகுக் கட்டியைச் சில ஆண்டுகளாவது பாதுகாத்து வைத்திருப்பார்கள், அதிலிருந்து மறுபடி பார்த்துச் சொல்ல முடியும்.